கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஸ்விஃப்ட் காரில் அலாய் வீல், வேறு சைலன்சர், தாழ்வான ஸ்பிரிங் எல்லாம் போட்டாச்சு. கழற்றியவை திண்ணையை அடைத்துக் கிடக்கின்றன, வீட்டில் தினமும் திட்டு. ஓசூரில் ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில் 1: சைலன்சரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. அதோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வந்திருந்தால் அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன, பழைய இரும்பு விலைக்குக் கேட்பவர் பெரும்பாலும் அதற்காகத்தான் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்கின்றன. 15 வருடம் முடிந்து ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போது ஒரிஜினல் பாகத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

பதில் 2: நான் தருமபுரி. நானும் தாழ்வான ஸ்பிரிங் போட்டுவிட்டு, ஒரிஜினலை அவசரப்பட்டு விற்றேன். அப்புறம் குடும்பத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பள்ளத்துக்குப் பள்ளம் டயர் உரசியது, பயந்துபோய்ப் புதிதாக வாங்கி மாட்டினேன், விற்றதைப் போல மூன்று மடங்கு செலவு. எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போடுங்கள். இரும்பு வீலை விற்கலாம், ஸ்டெப்னியையும் அதன் நட்டுகளையும் தவிர.

கேட்டவர்: சரி அண்ணா, நாலு வீலை மட்டும் கொடுக்கிறேன். சைலன்சரை இன்றைக்கே உள்ளே எடுத்து வைக்கிறேன்.