வீட்டுக்குள் வரும் ஸ்டிங்க் பக்: மருந்து அடிக்காமல் வழி உண்டா?

மீனா_அலன்டவுன்
பென்சில்வேனியாவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். செப்டம்பர் கடைசியிலிருந்து மேற்குச் சுவர் முழுக்கப் பழுப்புப் பூச்சி, கேடயம் மாதிரி முதுகு. இருட்டினால் திரைச்சீலையில், விளக்கில், நேற்று சாமி அலமாரியில். நசுக்கினால் நாற்றம் தாங்கவில்லை. தவழும் குழந்தை இருப்பதால் ஸ்பிரே வேண்டாம். வேப்பெண்ணெய், பூண்டுத் தண்ணீர் ஏதாவது கேட்குமா? அம்மா சாம்பிராணி போடச் சொல்கிறார். போட்டால் ஸ்மோக் அலாரம்தான் கத்துகிறது.

கும்பகோணத்தான்
சரியான ஊருக்குத்தான் போயிருக்கிறீர்கள் மீனா! இதுதான் ஸ்டிங்க் பக், அதாவது நாற்றப்பூச்சி; சீனா, ஜப்பான், கொரியா பக்கத்துப் பூச்சி. அமெரிக்காவில் முதலில் கண்ணில் பட்டதே உங்கள் அலன்டவுனில்தான், 1990களின் பிற்பகுதியில். நம் வயலில் பால் பிடிக்கும் கதிரை உறிஞ்சுமே நாவாய்ப்பூச்சி, அதற்குத் தூரத்து உறவு.

பூண்டு, சாம்பிராணி எல்லாம் விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை, முட்டையிடவும் வரவில்லை. கடிக்காது. குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க ஓர் இடுக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இடுக்கை அடைப்பதுதான் வைத்தியம். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று பாருங்கள்; வெளிச்சம் கசியும் இடமெல்லாம் அதற்கு வாசல். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, கேபிள் நுழையும் ஓட்டையில் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுங்கள். கதவடிக்கு ரப்பர் பட்டை, பரண் காற்றுத்துளைக்கு வலை. ஜன்னல் ஏசி இருந்தால் கழற்றிவிடுங்கள், அதுதான் ராஜபாட்டை. அடுத்த வருடம் இதையெல்லாம் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள்.

உள்ளே வந்தவற்றுக்கு: பாட்லக்குக்கு (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து) பிரியாணி கொண்டுபோவோமே, அந்த அலுமினியத் தட்டு. அதில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சமும் ஊற்றி, இருட்டு அறையில் மேலே ஒரு விளக்கு. வெளிச்சத்துக்கு வந்து விழும். சோப்பு இருப்பதால் மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். 2014-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள்: கடையில் விற்கும் பொறிகளைவிட இது 14 மடங்கு அதிகம் பிடித்தது. பேட்டரி விளக்காக வையுங்கள். குழந்தை போகாத அறையில் மட்டும்.

ஜெர்சி_லதா
வாக்யூமில் உறிஞ்சினால் மிஷினே நாறும், அனுபவம்! பழைய நைலான் ஸ்டாக்கிங்கைக் குழாய் வாய்க்குள் விட்டு, விளிம்பை வெளியே மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பூச்சி அதிலேயே நிற்கும், ஸ்டாக்கிங்கை முடிச்சுப் போட்டுச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அந்த நாற்றத்தில் இருப்பது கொத்தமல்லித் தழையிலும் உள்ள ஆல்டிஹைடு என்ற வாசனை வேதிப்பொருள்கள்தானாம். இதைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கொத்தமல்லிச் சட்னியைத் தொடுவதில்லை. இட்லிக்கு இப்போது தேங்காய்ச் சட்னிதான்.

மீனா_அலன்டவுன்
நன்றி அண்ணா, லதா அக்கா. சாமுராய் குளவி என்று ஏதோ சொல்கிறார்களே, வாங்கி விடலாமா?

கும்பகோணத்தான்
கடையில் வாங்கும் சமாச்சாரம் இல்லை அது. ஆசியாவிலிருந்து தானாகவே வந்து சேர்ந்தது; 2014-இல் மேரிலாந்தில் வெட்டவெளியில் கண்டுபிடித்தார்கள். எள்ளைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. ஸ்டிங்க் பக்கின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். பூச்சிக்குப் பதில் குளவி வெளியே வரும். கோடையில் தோட்டத்தில் கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவிகள்தான். இலையடியில் சுமார் இருபத்தெட்டு முட்டை உள்ள ஒரு கொத்து தெரிந்து, அது கறுத்திருந்தால் கிள்ளி எறியாதீர்கள். குளவி வேலையாக இருக்கலாம்.