கெண்டைக்கால் துடிப்பு ஏஎல்எஸ்ஸா?

தண்டையார்பேட்டை: ரெண்டு கெண்டைக்காலும், சில நேரம் இமையும் துடிக்குது. இது ஏஎல்எஸ்ஸா (நரம்பு செல்கள் அழிஞ்சு தசை பலம் இழக்குற நோய்) இருக்கலாம்னு நெட்ல படிச்சதுல இருந்து தூக்கமே இல்லை. ஈஎம்ஜி (தசையில மெல்லிய ஊசி வச்சு அதோட மின் இயக்கத்தைப் பதியுற பரிசோதனை) எடுக்கணுமா?

பதில்: தம்பி, துடிப்பை விடுங்க, பலத்தைப் பாருங்க. குதிகால்ல பத்தடி, நுனிக்கால்ல பத்தடி நடங்க. செருப்பு நழுவுறது, பட்டன் போட வராதது, பேச்சு குழறுறது, தசை மெலியுறது இருந்தா உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்க. பலம் குறையாம இடம் மாறி மாறித் துடிச்சா பெரும்பாலும் ஆபத்தில்லை. தினமும் சோதிச்சுப் பார்க்காதீங்க. களைச்ச தசை இன்னும் துடிக்கும்.

பதில்: மதியத்துக்கு மேல டீ, காபி வேண்டாம். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை பண்ணுங்க.

பதில்: ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில நரம்பியல் ஓபி இருக்கு. முழங்காலைச் சுத்தியால தட்டி, உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பாங்க. அது சரியா இருந்தா ஈஎம்ஜி பெரும்பாலும் தேவைப்படாது. பயம் அப்பவும் போகலைன்னா மனநல டாக்டரையும் பாருங்க, அதுக்கும் நல்ல சிகிச்சை இருக்கு.