புதுப்பிப்பு: பெங்களூரு முற்றுகை விளையாட்டு

1791-ல் ஆங்கிலேயர் திப்பு சுல்தானின் பெங்களூருக் கோட்டையை முற்றுகையிட்டதை மேசை விளையாட்டாக ஆட, மைசூர் வீரர் பொம்மைகளுக்கு என்ன நிறம் பூசலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் வண்ணப்படங்களோடு ஒரு போர் வரலாற்று நூல் கிடைத்தது. திப்புவின் காலாட்படைச் சட்டையில் புலிவரி! பூசியதையெல்லாம் மறுபடி பூசுகிறேன்.

மைசூர்ப் படை ஏவிய ராக்கெட்தான் இழுபறி. இரும்புக் குழாய், நீண்ட மூங்கில். எங்கே விழும் என்று உறுதியில்லை. அதனால் இரண்டு பகடை: ஒன்று தூரத்துக்கு, இன்னொன்று விலகலுக்கு.

அப்புறம், ஞாயிறு காலை மச்சானோடு கே.ஆர். மார்க்கெட் அருகே கோட்டைக்குப் போனேன். மார்ச் 21 இரவு ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை மதிலை உடைத்துப் புகுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. அன்று போரிட்டு மாண்ட கோட்டைத் தலைவர் பகதூர் கானுக்குத் தனிப் பொம்மை செய்யத் தொடங்கிவிட்டேன்.