புதுப்பிப்பு: பிக்கப்பில் ஏற்காட்டுக்கு ஜல்லி, செம்மண் ஏற்றிய கதை

சேலத்திலிருந்து ஏற்காட்டுத் தோட்டத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லியும் செம்மண்ணும் கொண்டுபோகணும், வண்டி பாடியில் கீறல் விழாமல், வழியில் சிந்தாமல் எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நான்கு நடையும் முடிந்தது.

மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் மேட்டை விரிக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. முதல் நடையில் தார்ப்பாய் மட்டும் விரித்தேன், இறக்கும்போது மண்வெட்டி பட்டுக் கிழிந்து பெயின்ட்டும் போனது. மேட் போட்ட பிறகு ஒரு கீறல்கூட இல்லை.

எடை விஷயத்தில் நல்லவேளை எச்சரித்தீர்கள். ஒரு கன அடி ஜல்லியே 40 கிலோவுக்கு மேல் வரும், அரை யூனிட் (50 கன அடி) என்றால் 2 டன்னைத் தாண்டும். அதனால் கால் யூனிட், அதாவது 25 கன அடி மட்டும் ஏற்றினேன்.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது சரக்கு பின்னால்தான் சரியும், அதற்கு செம்மண்ணைச் சாக்கில் கட்டிப் பின்கதவு ஓரம் சுவர் மாதிரி அடுக்கி, ஜல்லியை கேபின் பக்கம் கொட்டி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். கதவு இடுக்கில் பழைய சாக்கைத் திணித்ததால் ஒரு கல்கூட ரோட்டில் விழவில்லை.

எதிர்பாராதது ஒன்று: மேலே மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் கழித்து மேட்டைத் தூக்கினால் அடியில் தண்ணீரும் சேறும், போல்ட் ஓரம் துரு. இப்போது ஒவ்வொரு நடைக்குப் பிறகும் மேட்டை எடுத்து, கழுவி, பாடியைக் காயவைக்கிறேன்.