மறுமொழி: தரைவண்டுக் கலைச்சொல் – ‘மயிர்க்குழி’ சரியா?

அனைவருக்கும் வணக்கம். தரைவண்டுகளை (ground beetles) இனங்காணும்போது பார்க்கும் ‘setiferous puncture’ என்பதற்கு ‘மயிர்க்குழி’ என்று வைக்கலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மயிரேந்து புள்ளி’ என்பதில் என்ன குறை?

சொல்லுக்குச் சொல் பொருத்தம்தான், ஐயா. ஆனால் புள்ளி என்றதும் நமக்கு நிறம்தான் தோன்றும். நம் புதர்க்காடுகளில் திரியும் கரிய தரைவண்டின் முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் இருக்குமே, அதுதான் புள்ளி. இங்கே நாம் பெயர் தேடுவது ஓட்டில் விழுந்த ஒரு சிறு பள்ளத்துக்கு. அதிலிருந்து ஒற்றை மயிர் விறைப்பாக நிற்கும்.

இதற்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று கேட்கலாம். ஐரோப்பாவின் ஹார்ப்பாலஸ் அஃபினிஸ், அமாரா ஏனியா என்ற இரண்டு தரைவண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உலோகம் போல மின்னும், இரண்டும் வெயில் காயும் திறந்த நிலத்தில் ஓடும். நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். ஆனால் லென்ஸ் வைத்துக் கண்ணின் உள்விளிம்பைப் பார்த்தால், ஹார்ப்பாலஸுக்குக் கண்ணுக்கு ஒரு குழி, அமாராவுக்கு இரண்டு. பேரினம் அங்கேயே பிரிந்துவிடும். ஊசியில் குத்திவைத்த பழைய மாதிரிகளில் மயிர் பெரும்பாலும் ஒடிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் குழி நிழலாகத் தெரியும். எண்ண வேண்டியது அதைத்தான். ஆகவே சொல்லின் கனம் குழியின் மேல் விழ வேண்டும்: மயிர்க்குழி. கண்ணருகே இருப்பது கண்மேல் மயிர்க்குழி.

> ‘மயிர்க்கால்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது நம் தோலுக்கு உரியது. மயிர்க்காலில் உதிர்ந்தது மறுபடி முளைக்கும். வளர்ந்த வண்டு தோலுரிப்பதில்லை, அதனால் அதன் ஓட்டில் ஒடிந்தது ஒடிந்ததுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

> மயிர் வசவாகிவிட்டது, ‘முடி’ என்று வைக்கலாம்.

இதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தது, மயிரிழையில் தப்பினான் என்று இன்றும் முகம் சுளிக்காமல்தான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் தலைமயிர் வீட்டுப் பேச்சு. ஒரு வசவுக்குப் பயந்து நல்ல சொல்லை விட்டால் அது வசவாக மட்டுமே மிஞ்சும். தவிர, ‘முடிக்குழி’ என்றால் எதையோ முடிப்பது போலவும் காதில் விழுகிறது.

சரி, அப்புறம் எனக்கே தீராத ஒன்று. பேரினம் தெரிந்த பிறகு இனத்தைப் பிரிக்க வேறொரு மயிர் வருகிறது. ஹார்ப்பாலஸ் அஃபினிஸையும் ஹார்ப்பாலஸ் டிஸ்டிங்குவெண்டஸையும் மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். அஃபினிஸின் மேல்சிறகில், அதாவது முதுகை மூடும் கெட்டியான சிறகில், வெளிவிளிம்பை ஒட்டிய பட்டைகளில் நுண்குழிகளும் குட்டையான மென்மயிரும் படர்ந்திருக்கும். மற்றதில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். இதையும் ‘மயிர்’ என்றே எழுதினால், ‘மயிர் உண்டு’ என்று படிப்பவர் எதைத் தேடுவார்? குழியில் தனித்து நிற்பதை மயிர் என்றும், படர்ந்திருப்பதைச் சுணை என்றும் பிரிக்க விரும்புகிறேன். எழுதிப் பார்த்தேன்:

‘கண்மேல் மயிர்க்குழி ஒன்று, மேல்சிறகின் வெளிப்பட்டைகளில் சுணை உண்டு – ஹார்ப்பாலஸ் அஃபினிஸ்.’

தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. தயக்கம் ஒன்றே ஒன்று: கரும்புத் தோகையின் சுணை கைபட்டால் அரிக்கும், வண்டின் சுணை அரிக்காது. அரிக்காததையும் சுணை என்று உங்கள் பக்கம் சொல்வார்களா? கரும்போ நெல்லோ போடும் வீடுகளில் கேட்டு எழுதுங்கள். வழக்கில் இல்லையென்றால் ‘பூனைமயிர்’ என்று மாற்றிவிடுகிறேன்.