புதுப்பிப்பு: கேம்பர் டிரெய்லரில் கழிவுத் தொட்டி காலியானாலும் மீட்டர் 2/3 காட்டும் பிரச்சினை

என் கேம்பர் டிரெய்லரில் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) காலி செய்த பிறகும் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி) மீட்டர் 2/3 என்றே காட்டுகிறது, கிரே டேங்க்கும் (பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டி) அப்படித்தான் என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக நடந்ததை எழுதிவைக்கிறேன்.

தொட்டிக்குள் ஐஸ் கட்டி போட்டு, அது உருண்டு சுத்தம் செய்யும் என்று வண்டி ஓட்டியதில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரை மென்மையாக்கும் பொடியும் கலந்து, இரண்டு தொட்டியிலும் ஊறவிட்டு, வழியெல்லாம் குலுங்கவிட்டுக் கொட்டினேன். கிரே டேங்க் சரியாகிவிட்டது. எண்ணெய்ப் படலம்தான் காரணம். பிளாக் டேங்க் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி பழைய கதை.

காரணம் மீட்டர் வேலை செய்யும் விதம்தான்: தொட்டிச் சுவரைத் துளைத்து நிற்கும் உலோக முனைகளுக்கு இடையே தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்தால் மீட்டரில் அந்த அளவுக்கான விளக்கு எரியும். அங்கே ஈரக் காகிதம் ஒட்டிக்கொண்டாலும் எரியும். அந்த அமைப்பே அப்படி, எத்தனை தடவை கழுவினாலும் திரும்பி வரும்.

கைகொடுத்தது தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டும் சென்சார் பட்டை. சதவீதத்திலேயே காட்டுகிறது. ஒட்டுவது சுலபம், வண்டியின் அடித்தகட்டைக் கழற்றுவதில்தான் முதுகு ஒடிந்தது. பட்டையை இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அளவு தவறும்.

எதிர்பாராத ஒன்று: தகட்டை இறக்கியபோது, பழைய மீட்டரில் தொட்டி நிரம்பியதைக் காட்டும் விளக்குக்கான வயர் களிம்பேறி அறுந்து கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்காது. உங்கள் மீட்டர் 2/3-ஐத் தாண்டவே இல்லையென்றால் முதலில் வயரைப் பாருங்கள்.