10க்கு 12 ரூம், மேல மொட்டை மாடி: ஏசி ஒரு டன்னா, ஒன்றரையா?

ஆனையூர்க்காரன்:
வணக்கம். ஆனையூர்ல முதல் மாடி வீடு, எங்களுக்கு மேல மொட்டை மாடிதான். பெட்ரூம் 10க்கு 12, உயரம் 10 அடி, மேற்குச் சுவத்துல ஒரு ஜன்னல். அப்பா அம்மா படுக்கிற ரூம். ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டாலும் அனல்தான் இறங்குது. கடையில ஒன்றரை டன் எடுங்கன்னாங்க. மச்சானோ, "120 சதுர அடிக்கு ஒரு டன் தாராளம், கடைக்காரய்ங்க விலை கூடினதத்தான் தள்ளிவிடுவாய்ங்க"ங்கறாரு. யார் பேச்சைக் கேக்குறது?

கேகேநகர் வாசி:
எங்க ரூமும் அதே அளவுதான். ஒரு டன்னுலயே போர்வை கேக்குது. மச்சான் சொல்றது சரி.

கூலிங் மெக்கானிக்:
கேகேநகர் தம்பி, உங்களுக்கு மேல இன்னொரு வீடு இருக்குமே? அதான் போர்வை கேக்குது.

ஆனையூர் தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்ல உள்ளங்கைய வச்சுப் பாருங்க. சுடும். பகல் பூரா குடிச்ச வெயிலைக் கான்கிரீட் ராத்திரிதான் கக்கும். மச்சான் கணக்கு கீழ் வீட்டுக்குச் சரி, உங்களுக்கு ஆகாது. மேல் மாடி, மேற்கு வெயில் ரெண்டும் சேர்ந்தா ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசிதான். இன்வெர்ட்டர்னா ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைச்சுக்கும். பழைய மாடல்ல அந்த வசதி கிடையாது. அதைச் சின்ன ரூமுக்குப் பெருசா மாட்டினா சட்டுனு குளிர்ந்து ஆஃப் ஆகும், ஈரம் இறங்காம ரூம் பிசுபிசுன்னே கிடக்கும்.

டன்னை மட்டும் பார்த்து வாங்காதீங்க. ஒரு டன்னுன்னா ஏறக்குறைய 3500 வாட் குளிர்ச்சி, ஒன்றரைன்னா 5200 சொச்சம். ஆனா ஒன்றரைன்னு விக்கிற எல்லாத்துலயும் அவ்வளவு இருக்காது. ஸ்டிக்கர்ல வாட் போட்டிருக்கும், படிங்க. அதுவும் வெளிய 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. நம்மூர் அக்னி நட்சத்திரத்துல 40 அடிக்கும்போது அந்த அளவு கிடைக்காது.

ஏசிக்கு முன்னாடி மாடியைக் கவனிங்க. தட்டோடு பதிச்சிருந்தா நல்லது. இல்லேன்னா வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட், ஜன்னலுக்கு வெளிய தட்டி. ஏசி விலையோட பார்த்தா பெரிய செலவில்ல.

ஆனையூர்க்காரன்:
தட்டோடு இல்லண்ணே, வெறும் சிமெண்டுத் தளம். பெயிண்ட் அடிச்சுட்டா ஒரு டன் போதுமா? கரண்ட் பில்லை நினைச்சாத்தான் பயமா இருக்கு.

கூலிங் மெக்கானிக்:
போதும்னு என்னால சொல்ல முடியாது தம்பி. மேற்குச் சுவரு அப்படியேதான இருக்கு? பெயிண்ட் அடிச்சாலும் அழுக்குப் படியப் படிய வேலை குறையும். வயசானவங்க ரூம் வேற. ஒரு டன் மதியம் முழுக்க மூச்சு முட்ட ஓடுறதுக்கு ஒன்றரை நிதானமா ஓடட்டும். 24, 25ல வச்சு, ஃபேனையும் மெதுவா சுத்த விடுங்க. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா வேற ஸ்லாப், ரேட்டு கூடும், அதுல மட்டும் கண்ணு இருக்கட்டும்.

பிளக் பாயிண்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் தனியா இழுக்கச் சொல்லுங்க. வெளி யூனிட்டை மேற்குச் சுவத்துல மாட்டவிடாதீங்க. வடக்குப் பக்கம் இடம் இருக்கா?

ஆனையூர்க்காரன்:
இருக்குண்ணே, மாடிப்படி பக்கம். பைப் பத்தடி கூடும்.

கூலிங் மெக்கானிக்:
கூடட்டும். காப்பர் பைப்பாப் போடச் சொல்லுங்க.